அத்தையின் முழங்காலும் பாப்பாவின் பசியும்

குரோம்பேட்டைக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இந்த ஊரில் இன்று தோல் வாடையைவிட சாம்பார் வாடையே அதிகம் என்று என் கணவர் சொல்வதுண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் பக்கமிருந்து தாம்பரம் சானடோரியம் வரை நடந்தால் சைவ ஹோட்டல், பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, மாடியில் கண்ணாடி போட்ட புதுவகை ரெஸ்டாரண்ட் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேற்பட்ட பெயர்ப்பலகைகளில் 'ஃபேமிலி ரெஸ்டாரண்ட்' என்றோ 'குடும்பத்தினருக்குத் தனி இடவசதி உண்டு' என்றோ எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்பி நுழைந்து நாங்கள் பட்ட பாட்டையும், பிறகு எதைப் பார்த்து உள்ளே போவது என்று கற்றுக்கொண்டதையும்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். எழுபத்து நான்கு வயதான என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கூடவே சர்க்கரையும் உண்டு. ஒன்பது வயது மகனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. மூன்று வயது மகளுக்குப் பசி வந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுக்கத் தெரியாது. இவர்களுக்கு இடையில் நானும் என் கணவரும். இப்படி ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியே சாப்பிடக் கிளம்பினால், எந்த ஹோட்டலில் எது நன்றாக இருக்கும் என்ற கேள்வி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். முதல் கேள்வி, வாசலில் எத்தனை படிகள் என்பது.

இதை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், மகனின் பிறந்தநாளுக்கு மாடியில் இருக்கும் ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனோம். லிஃப்ட் உண்டு என்று தொலைபேசியில் சொன்னார்கள், லிஃப்டும் இருந்தது. ஆனால் அந்த லிஃப்டை அடைவதற்குள் மூன்று படிகளும், டைல்ஸ் போட்ட ஒரு சரிவும், அதன்மேல் அப்போதுதான் துடைத்த ஈரமும் இருந்தன. உள்ளே போனதும் எங்களை உட்கார வைத்தது தரையோடு தாழ்ந்த, உட்கார்ந்தால் அமிழ்கிற சோபாவில். அத்தை மூன்று தடவை எழ முயன்று, கடைசியில் நானும் என் கணவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். வெளியே வந்ததும் அவர், "சாப்பாடு நல்லாத்தான் இருந்தது, எழுந்திருக்கத்தான் ரெண்டு ஆள் வேணும் போல" என்றார். அன்றிலிருந்து சோபா இருக்கை என்றால் எங்களுக்கு ஆகாது. கைப்பிடி உள்ள மர நாற்காலியோ, அது இல்லாவிட்டால் உயரமான சாதாரண நாற்காலியோதான் வயதானவர்களுக்கு ஏற்றது. கையை ஊன்றி எழ ஒரு பிடி இருந்தால் போதும், துணைக்கு ஆள் வேண்டியதில்லை. மேசைக் காலில் குறுக்குக் கட்டை ஓடுகிறதா என்றும் குனிந்து பார்க்கிறோம். முழங்காலை மடக்க முடியாதவர்களுக்கு நீட்ட இடம் வேண்டும்.

படிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது கைகழுவும் இடத்தை. ஒரு ஹோட்டல் குடும்பங்களை நினைத்துக் கட்டப்பட்டதா, ஆண்கள் அவசரமாக வந்து தின்றுவிட்டுப் போவதற்காகக் கட்டப்பட்டதா என்பதை அங்கே நின்றால் தெரிந்துகொள்ளலாம். நல்ல இடங்களில் ஒரு தொட்டியாவது தாழ்வாக, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். தரையில் தண்ணீர் தேங்காமல் கால்மிதி போட்டிருப்பார்கள். போகிற வழி சமையலறையிலிருந்து தட்டு வருகிற வழியோடு முட்டிக்கொள்ளாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், என் மகள் கைகழுவிவிட்டு ஓடிவந்த அதே குறுகிய இடைவழியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வேகமாகத் திரும்பினார். வாளி அவள் தலைக்கு மேலே, நான்கு விரற்கடை தூரத்தில் நின்றது. சாம்பார் அவர் கையில்தான் சிந்தியது; அவர்தான் பாவம், சட்டையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றார். தவறு அவருடையதும் அல்ல, குழந்தையுடையதும் அல்ல, அந்த வழியைப் போட்டவருடையது. அதன்பிறகு நாங்கள் எப்போதும் சுவரோரத்து மேசையைத்தான் கேட்கிறோம், குழந்தையைச் சுவர்ப்பக்கம் உள்ளே உட்காரவைத்து, வழிப்பக்கம் பெரியவர் ஒருவர் உட்காருகிறோம். சப்ளையர் சூடான பாத்திரத்தை நீட்டும் பக்கம் குழந்தையின் கை இருக்கக் கூடாது.

இந்த ஒழுங்கைச் சொல்லாமலே கடைப்பிடிக்கிற ஒருவர் எங்கள் தெருமுனை ஹோட்டலில் இருக்கிறார். ஏ.சி. ஹால் இல்லை, பெயர்ப்பலகையில் 'ஃபேமிலி' என்ற சொல்லும் இல்லை. அறுபது வயதிருக்கும் அந்தப் பெரியவர் தோசை கொண்டுவரும்போது, மகள் கேட்ட தோசையாக இருந்தாலும் தட்டை அவள் முன்னால் வைக்கமாட்டார். என் முன்னால் வைத்து, "ஆறினதும் கொடும்மா" என்பார். பால் கேட்டால் டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் நான்கு முறை ஆற்றி, விரலின் பின்புறத்தால் டபராவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். சாம்பாரைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக ஊற்றி, அதில் ஒரு கரண்டி நெய் விட்டு, "பாப்பாவுக்கு" என்று நகர்த்துவார். பேரன் பேத்தி எடுத்தவர் என்பது கேட்காமலே தெரிந்தது. குழந்தைகளுக்கான நாற்காலி அங்கே கிடையாது. ஆனால் நாற்காலி போட்டு, வார் அறுந்து, கால் ஆடுகிற நிலையில் வைத்திருக்கும் இடங்களைவிட இவர் இருக்கும் இடம் எனக்குப் பல மடங்கு மேல். அத்தகைய நாற்காலியைத் தந்தால் முதலில் காலை ஆட்டிப் பார்த்து, வார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரவைக்க வேண்டும்; இரண்டில் ஒன்று சரியில்லையென்றால் மடியே நல்லது.

குழந்தையின் பசிக்கும் சமையலறையின் வேகத்துக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபட எனக்கு ஓராண்டு ஆனது. இட்லி வெந்து தயாராக இருக்கும், உட்கார்ந்த மூன்றாவது நிமிடத்தில் வரும். பொங்கலும் அப்படித்தான். தோசை என்பது கல்லில் இடம் கிடைப்பதைப் பொறுத்தது. கூட்ட நேரத்தில் நமக்கு முன்னால் இருபது தோசைகள் வரிசையில் நிற்கும். ரவா தோசை அதைவிடப் பொல்லாதது. மெல்லிய மாவை வீசி ஊற்றி, நீர் வற்றி, ஓட்டை ஓட்டையாக முறுகிச் சிவக்கும்வரை கல்லைவிட்டு எடுக்க முடியாது என்பதால், அது சாதாரண தோசைக்கு ஆகும் நேரத்தைப் போல் இரண்டு பங்கை விழுங்கிவிடும். ஐந்து பேரும் ஆளுக்கொன்றாகக் கேட்டு, அதில் ஒன்று ஆனியன் ரவா என்றால், சில இடங்களில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவருவதற்காகக் குழந்தையின் இட்லியையும் நிறுத்திவைப்பார்கள். ஆகவே உட்காரும் முன்பே, பட்டியலைக் கையில் வாங்காமலே, "முதல்ல ஒரு பிளேட் இட்லி, அது வரட்டும், மத்ததைப் பிறகு சொல்றோம்" என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு வாக்கியம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றியிருக்கிறது. என் கணவருக்கு ஆனியன் ரவா மீது தீராத காதல். அவர் கடைசியாகச் சாப்பிட்டு முடிப்பார், நாங்கள் காத்திருப்போம், அது வேறு கதை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஞாயிறு மாலை ஏழே முக்காலுக்கு மேல் எந்த நல்ல சைவ ஹோட்டலிலும் மேசைக்குப் பின்னால் ஆள் நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பழக்கம் நம் ஊரைவிட்டுப் போகவே போகாது போலிருக்கிறது. முதியவரும் குழந்தையும் இருக்கும் மேசையில் அது தரும் அவசரம் சொல்லி மாளாது. நாங்கள் ஆறரைக்குள் உட்கார்ந்துவிடுகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு, சம்பளம் வந்த கையோடு ஊரே வெளியே வரும் நாள் என்பதால், அன்று போவதில்லை. முகூர்த்த ஞாயிறுகளில் ஜி.எஸ்.டி. சாலையின் கல்யாண மண்டபங்களுக்கு வந்த வண்டிகள் ஹோட்டல் வாசல் வரை நிற்கும், ஆட்டோவைவிட்டு இறங்கவே இடம் இருக்காது. புரட்டாசி வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும்: பிரியாணிக் கடைகள் காலியாகக் கிடக்கும், சைவ ஹோட்டல்களில் சனிக்கிழமைகூட இடம் கிடைக்காது. அசைவம் சாப்பிடுகிற குடும்பம் ஒன்று நிதானமாக உட்கார்ந்து, கவனிப்போடு சாப்பிட வேண்டுமானால் புரட்டாசியைப் போல் ஒரு மாதம் இல்லை என்று என் தோழி சொல்லுவாள். அத்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்து பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

இன்னொரு அறிகுறி, வாசலில் நிற்கும் டெலிவரி இளைஞர்கள். ஹாலில் பாதி மேசைகள் காலியாக இருக்கும், ஆனால் உணவு வர நாற்பது நிமிடம் ஆகும். ஏன் என்று பல நாள் புரியவில்லை. ஒரே சமையலறைதான் ஹாலுக்கும், பார்சல் கவுண்டருக்கும், ஆன்லைன் ஆர்டருக்கும் சமைக்கிறது. மின்சார ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் பார்சலுக்கு வரிசை கட்டும் நேரத்தில், வாசலில் எட்டுப் பத்து பேர் முதுகில் பையோடு நின்றால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஐம்பது பேர் நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிக் கண்டால் நாங்கள் அடுத்த ஹோட்டலுக்கு நடந்துவிடுகிறோம்.

மகனின் முந்திரி விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் செய்த பிழை பலரும் செய்யக்கூடியது. அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு ஹோட்டலில் பரோட்டாவும் வெள்ளைக் குருமாவும் வாங்கிக் கொடுத்தோம். "இதில் முந்திரி இருக்கிறதா?" என்று சப்ளையரிடம் கேட்டேன். அவர் குருமாக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "முந்திரி போடறதில்லம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிகிற முந்திரி அதில் இல்லைதான். அரைமணி நேரத்தில் பையனின் கழுத்திலும் முதுகிலும் தடித்தடியாக எழும்பி, உதடு வீங்கத் தொடங்கியது. மருத்துவமனைக்கு ஓடி, ஊசி போட்டு, இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பினோம். குருமாவுக்குக் கெட்டியும் வெண்மையும் தருவதே அரைத்த முந்திரி விழுதுதான் என்பது சமைக்கத் தெரிந்த எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. இப்போது நான் கேட்கும் கேள்வி வேறு: "முந்திரி அரைத்து ஊற்றியிருக்கிறதா? மாஸ்டரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்." சப்ளையருக்குத் தெரிய வாய்ப்பில்லாததை அவரிடம் கேட்பதில் பயன் இல்லை, சமைத்தவரிடமிருந்துதான் பதில் வரவேண்டும். குருமா, பனீர் பட்டர் மசாலா போன்ற வடநாட்டுக் குழம்புகள் பலவற்றில் விழுது உண்டு என்றே வைத்துக்கொள்கிறோம். பொங்கலிலும் கேசரியிலும் கண்ணால் பார்த்துத் தள்ளலாம் என்று நினைக்கவும் கூடாது, நெய்யில் வறுத்த முந்திரியின் நெய்தானே அதில் கலந்திருக்கிறது. பரோட்டா வேண்டுமென்றால் அவனுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ள. இட்லி, தோசை, தயிர்சாதம் எப்போதும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து என் கைப்பையைவிட்டு இறங்குவதில்லை.

'காரம் இல்லாமல்' என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். மிளகாய்த்தூள் போடாததைக் காரமில்லாதது என்று சமையலறை புரிந்துகொள்ளும். பொங்கலின் மிளகும், ரவா தோசை மாவில் நறுக்கிப் போட்ட பச்சை மிளகாயும் அவர்கள் கணக்கில் வராது. இப்போது பல ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். பொறுமையான பிள்ளைகள்தான், ஆனால் நம் தமிழ் அவர்களுக்குப் பாதியளவே எட்டுகிறது. வேண்டாத பொருளைப் பெயர் சொல்லி, விரலால் சுட்டிக் காட்டிச் சொல்வது உத்தமம். என் மகன் 'மிர்ச்சி நஹீ' என்று சொல்லக் கற்றுக்கொண்டு, அதைத் தன் பள்ளிப் பாடத்தைவிடச் சிறப்பாகச் சொல்கிறான்.

அத்தையோடு போகும்போது இன்னொன்றும் உண்டு. அவர் அசைவம் சாப்பிடுகிறவர்தான். ஆனால் அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமை என்றால் முட்டை வெந்த கல்லில் ஊற்றிய தோசையைக்கூடத் தொடமாட்டார். 'சைவம் - அசைவம்' என்று இரண்டும் எழுதிய ஹோட்டலில் இரண்டுக்கும் தனிக் கல், தனிக் கரண்டி உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். பரோட்டாவும் முட்டை தோசையும் ஒரே கல்லில் புரள்வதை வாசலிலிருந்தே பார்த்திருக்கிறோம். எனவே அந்த நாட்களில் கலப்பு ஹோட்டல் பேச்சே இல்லை. கிருத்திகைக்குக் குமரன்குன்றம் போய்வரும்போது, அவர் குன்றேறாமல் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். நாங்கள் இறங்கி வந்ததும் நேரே சைவ ஹோட்டல்தான்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கள் தெருமுனையில் ஐவரும் டிபன் சாப்பிட்டு எழுநூறுக்குள் முடிகிறது; மாடி ரெஸ்டாரண்டில் அதுபோல் மூன்று மடங்கு. சாதாரண ஹோட்டல் பில்லில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. இருக்கும், அது 2017 நவம்பரில் குறைத்து வைத்த அளவு. அதற்கு முன் ஏ.சி. இருந்தால் பதினெட்டு என்று கட்டிய ஞாபகம் பலருக்கும் இருக்கும். அதற்குமேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால், அதைக் கட்டுவது கட்டாயம் அல்ல. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. ஒரு தடவை என் கணவர் கல்லாவில் நின்று மெதுவாகக் கேட்டார்; மறுபேச்சின்றி எடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையை அவர் அப்படியே பரிமாறிய பையன் கையில் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லும்போது சூடான சாம்பார் பிளாஸ்டிக் கவரில் வருவது, 2019 ஜனவரி முதல் இருக்கும் தடையையும் மீறி, இன்னும் நிற்கவில்லை. கைப்பையில் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பா வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

என் சின்ன வயதில் மாமாவின் அம்பாசடர் காரில் கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்குப் போயிருக்கிறோம். காரின் கதவில் தட்டைப் பொருத்திப் பரிமாறுவார்கள். பெரியவர்கள் காருக்குள் சாப்பிட, நாங்கள் மரத்தடியில் ஓடுவோம். 1962-இல் தொடங்கிய அந்த இடம் 2008-இல் மூடப்பட்டு, இன்று செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கே சறுக்குமரமோ பந்துத் தொட்டியோ கிடையாது, இடம் மட்டும் இருந்தது. இப்போது 'கிட்ஸ் ஜோன்' என்று பெயர் போட்டு ஒரு மூலையில் உடைந்த பிளாஸ்டிக் சறுக்கை வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரநிழல் நினைவுக்கு வரும். சத்தமாகப் பாட்டுப் போட்டு, அடுத்த மேசைப் பிறந்தநாளுக்குப் பணியாளர்கள் கைதட்டும் இடங்களில் அத்தைக்கு நாங்கள் பேசுவது காதில் விழுவதில்லை. பேசாமல் சாப்பிடுவதற்கு வீடே போதுமே.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்று வயதுக் குழந்தை சரியாகத் தட்டு வந்து இறங்கும் நேரத்தில்தான் கேட்கும். மேசையில் உட்காரும் முன்பே கணவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, அத்தை உட்கார்ந்து எழ மேற்கத்திய முறைக் கோப்பை இருக்கிறதா. பூட்டிவைத்து, 'சாவி கல்லாவில்' என்று சொல்லும் ஹோட்டலில்தான் பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

தெருமுனை ஹோட்டலுக்கு ஒரே குறை, வாசலில் மூன்று படிகள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. போன ஆடி மாதம் பில் கட்டும்போது அத்தை கல்லாவில் இருந்த உரிமையாளரிடம், "தம்பி, தோசையெல்லாம் நல்லா இருக்கு, இந்தப் படிக்கு ஒரு பைப்பு வச்சா என்ன? உங்க அம்மா வந்தா எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டார். அவர் சிரித்துத் தலையாட்டினார். நான் அதோடு மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது சுவரோரம் எவர்சில்வர் குழாய் பளபளவென்று நின்றது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கையை உதறிவிட்டு, தானாக மூன்று படியையும் ஏறினார். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்து, "அரையடி தாழ்வா வச்சுட்டான்" என்றார். பிறகு உள்ளே போய், சுவரோரத்து மேசையில் முதல் ஆளாக உட்கார்ந்து, எங்களுக்கு முன்பாகவே இட்லிக்குச் சொல்லிவிட்டார்.